ஊரடங்கு வரும் என்ற பேச்சில் சாமான் வாங்கி அடுக்குவது சுயநலமா?

இந்தக் கேள்வியைக் கேட்டு எழுதியவரின் வீட்டில் நடந்தது இது. புதிதாக ஏதோ காய்ச்சல் பரவுகிறது, மறுபடி ஊரடங்கு போடுவார்கள் என்று தெருவில் பேச்சு. அன்று மாலையே அவர் மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, கூடவே ஒரு பை நிறைய மாத்திரை வாங்கி வந்து அடுக்கிவிட்டார். மனைவிக்கு நிம்மதி. கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் கோபம்: “இது சுத்த சுயநலம்ப்பா.” யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

நான் மதுரைப் பக்கம் மளிகைக் கடை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்த கடை. நான் கல்லாவில் உட்கார்ந்தே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கீழமாசி வீதியில் சரக்கு எடுத்து வந்து எங்கள் ஏரியாவில் ஏறக்குறைய இருநூறு வீடுகளுக்குப் போடுகிறோம். 2020 மார்ச்சிலும் 2021 மே மாதத்திலும் ஜனங்கள் எப்படி வாங்கினார்கள் என்று கடைக்குள் நின்று பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாத்திரை விஷயத்தில் மகள் சொல்வது முழுக்கச் சரி. அரிசி, பருப்பு விஷயத்தில் அவள் கோபப்பட வேண்டியது எத்தனை கிலோ வாங்கினார் என்பதற்காக அல்ல, என்றைக்கு வாங்கினார் என்பதற்காக.

வீட்டில் மூன்று மாதச் சாமான் இருப்பதே தப்பு என்றால் எங்கள் அப்பத்தாவைத்தான் முதலில் பிடித்து உள்ளே போட வேண்டும். குலுக்கை நிறைய நெல் இருக்கும். மாசி, பங்குனியில் புதுப் புளி இறங்கியதும் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, வருஷத்துக்கும் பானையில் அமுக்கி வைப்பார். சித்திரை வெயிலில் மிளகாய், மல்லி, கூழ் வத்தல். துவரையில் செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்து வைத்துவிட்டால் அடுத்த அறுவடை வரை கவலையில்லை. இதை யாரும் சுயநலம் என்று சொன்னதில்லை. அப்பத்தா புளி வாங்கிய மாதத்தில் சந்தையில் புளி குவிந்து கிடந்தது. விலை விழுந்து கிடந்த நேரத்தில் வாங்கியது மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவனுக்கும் உதவிதான். ஐப்பசி மழையில் புளி கிராக்கியாகும்போது அவர் கடைப் பக்கமே வர மாட்டார். அவர் வாங்காத அந்தப் புளி வீட்டில் இல்லாத இன்னொருத்திக்கு மிஞ்சும். சந்தையில் குவிந்து கிடக்கும்போது வாங்கி வைப்பதை எங்கள் தொழிலில் ‘இருப்பு’ என்போம். ஊரில் தட்டுப்பாடான நேரத்தில் ஒருவர் மட்டும் வாரி வைத்துக்கொண்டால் அதற்குத்தான் ‘பதுக்கல்’ என்று பெயர்.

அரசாங்கங்களே வீட்டில் இருப்பு வைக்கச் சொல்கின்றன. ஜெர்மனி 2016-ல் கொண்டுவந்த மக்கள் பாதுகாப்புத் திட்டத்தில், ஒவ்வொரு வீட்டிலும் பத்து நாளைக்கு உணவு இருக்கட்டும் என்றது. சுவீடன் 2018-ல், நெருக்கடியோ போரோ வந்தால் என்ன செய்வது என்று ஒரு சிறு கையேடு அச்சடித்து வீடு வீடாக அனுப்பியது. நிலநடுக்கத்துக்குப் பழகிய ஜப்பானில் ‘ரோலிங் ஸ்டாக்’ என்று ஒரு பழக்கம். தினமும் சாப்பிடும் பொருளையே கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு, பழையதை எடுத்துச் சாப்பிட்டு, தீர்ந்த அளவுக்குப் புதிதாக வாங்கிப் பின்னால் வைப்பது. நாங்கள் கடையில் அலமாரி அடுக்குவதும் இதே முறையில்தான். பத்து நாள் உணவு வைக்கச் சொன்ன அதே ஜெர்மானியர்கள், பீதியில் வாரிக்கொண்டு போவதற்கு ‘ஹாம்ஸ்டர் கொள்முதல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாம்ஸ்டர் என்பது கன்னம் புடைக்கத் தானியத்தை அடக்கிக்கொண்டு ஓடும் எலி வகை. நம் ஊர் வயல்களிலும் எலி நெல்லை வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். அறுவடைக்குப் பிறகு அந்த வளையைத் தோண்டி நெல் எடுத்துத்தான் பல குடும்பங்கள் ஒரு காலத்தில் கஞ்சி காய்ச்சின.

சரி, நாள் ஏன் முக்கியம்? கடைக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

இருநூறு வீடு, வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ துவரம் பருப்பு என்று வையுங்கள். மாதம் நானூறு கிலோ. நாளுக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோ போகும். நான் கடையில் வைத்திருப்பது ஒரு வாரச் சரக்கு, நூறு கிலோ. அதற்கு மேல் வைக்க இடமும் இல்லை, முடக்க முதலும் இல்லை. இப்போது ஒரு நாள் மாலை பாதி வீட்டுக்காரர்கள் வந்து தலைக்கு ஒரே ஒரு கிலோ கூடுதலாகக் கேட்கிறார்கள். யாரும் மூட்டை கேட்கவில்லை. ஒரு கிலோதான். நூறு வீடு, நூறு கிலோ. இரண்டு மணி நேரத்தில் என் பருப்பு டின் காலி. நூற்றியோராவது ஆளாக வருகிறவர் காலி டின்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்கு ஓடுவார், அங்கே ஒரு கிலோ கேட்க மாட்டார், மூன்று கேட்பார். நான் மறுநாள் மொத்தக் கடைக்குப் போன் போட்டு இருநூறு கிலோ அனுப்பச் சொல்வேன். என்னைப் போல ஐம்பது பேர் சொல்வார்கள். மொத்த வியாபாரி ‘இன்னும் ஏறும் போலிருக்கிறது’ என்று மில்லுக்கு அதற்கும் மேல் சொல்வார். இத்தனைக்கும் ஊரில் ஒருவர்கூட அன்றைக்குச் சாம்பாரில் கூடுதலாகப் பருப்புப் போடவில்லை.

இதனால்தான் பேராசைக்காரர்கள் நான்கு பேர் ஊரைக் கெடுத்தார்கள் என்ற கதை எனக்குப் பிடிப்பதில்லை. 2020 மார்ச்சில் பிரிட்டனில் சூப்பர் மார்க்கெட் அலமாரிகள் காலியாகக் கிடந்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. அந்த மாத விற்பனையைக் கான்டார் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் அலசிப் பார்த்தது. பாஸ்தா வாங்கியவர்களில் மிதமிஞ்சி வாங்கியவர்கள் 3 சதவீதம் பேர்தான். கைகழுவும் திரவ சோப்பில் 6 சதவீதம். மற்றவர்கள் எல்லாம் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பொருள் கூடுதலாகப் போட்டுக்கொண்டவர்கள், ஒரு தடவை கூடுதலாகக் கடைக்குப் போனவர்கள். என் பருப்பு டின் கதைதான். காரின் பின்பக்கம் நிறைய டாய்லெட் பேப்பர் ஏற்றிக்கொண்டு போகிறவனைப் படம் எடுத்துத் திட்டுவது சுலபம். அலமாரியைக் காலி செய்ததில் திட்டியவர்களின் பங்கும் இருக்கிறது.

எங்கள் கடையில் அது ஆரம்பித்தது 2020 மார்ச் 19 இரவில். 22-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்த ராத்திரி. ஒரு நாள்தான், காலை 7 முதல் இரவு 9 வரை. ஆனால் வந்தவர்கள் ஒரு நாளைக்கு வாங்கவில்லை. முதலில் போனது சோப்பும் டெட்டாலும். அப்புறம் ரவை, கோதுமை மாவு, எண்ணெய். 23-ம் தேதி 144 வரப்போகிறது என்று முதல்வர் சொன்னார். மறுநாள் மாலை 6 மணிக்கு அது வந்தது. அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவு முதல் 21 நாள். நான்கு மணி நேர அவகாசம். அத்தியாவசியக் கடைகள் திறந்திருக்கும் என்றுதான் அறிவிப்பு. ஆனால் ‘21 நாள், வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள்’ என்று கேட்டவன் காதில் அந்த இரண்டாவது செய்தி ஏறுமா? ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகும் குனிந்து உள்ளே வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் ஒருவர் 25 கிலோ சிப்பம் மூன்று கேட்டார். வீட்டில் நான்கு பேர். “எதுக்கு சார் இவ்வளவு?” என்றேன். “தெரியல அண்ணாச்சி, எல்லாரும் வாங்குறாங்கல்ல” என்றார்.

அந்தப் பதிலில் சுயநலத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. எல்லாரும் வாங்குகிறார்கள் என்றால் நாளைக்கு இருக்காது. நாளைக்கு இருக்காது என்றால் இன்றைக்கு வாங்குகிறவன் புத்திசாலி. பந்திக்கு முந்து என்று சொல்லித்தானே வளர்த்திருக்கிறோம்? ஒவ்வொருவராகப் பார்த்தால் செய்வது நியாயமாகத்தான் இருக்கும். எல்லாருமாகச் சேரும்போது இலை காலி.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மச்சினனும் இதையே சொன்னான். அங்கே 2020 பிப்ரவரி 7-ம் தேதி நோய் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தினார்கள். அன்று சாயங்காலமே அரிசி, நூடுல்ஸ், டாய்லெட் பேப்பர் இருந்த அலமாரிகள் வெறிச்சென்று ஆகிவிட்டன. “இருப்பு இருக்குன்னு தெரியும் மச்சான். ஆனா எனக்கு முன்னாடி நிக்கிறவன் ரெண்டு பை எடுக்கறப்ப நான் ஒண்ணு எடுத்தா முட்டாள் மாதிரி இருந்துச்சு.” அங்கே அரிசி இறக்குமதியாளர்கள் குறிப்பிட்ட அளவு கையிருப்பு வைத்தே ஆக வேண்டும் என்ற விதி பல வருஷமாக உண்டு. ஃபேர்பிரைஸ் என்ற சூப்பர் மார்க்கெட் கடைகளில் ஆளுக்கு அரிசி இரண்டு பை, பேப்பர் நான்கு கட்டு என்று வரம்பு வைத்தார்கள். சில நாளில் அலமாரி நிரம்பியது, கூட்டம் அடங்கியது. ‘பயப்படாதீர்கள்’ என்று சொன்னதைவிட நிரம்பிய அலமாரியைக் கண்ணால் பார்த்ததுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

நம்மிடம் மட்டும் இருப்பு இல்லையா என்ன? அந்த மார்ச்சில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. இல்லாதது லாரி ஓட்டுநரும் லோடுமேனும்தான். தாபா மூடியிருந்தால் ஓட்டுநர் எங்கே சாப்பிடுவார்? மூட்டை இறக்குகிறவர் ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வரப் பஸ் இல்லை. இன்னொரு கூத்தும் நடந்தது. ஹோட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் எல்லாம் மூடியதால் 50 கிலோ மூட்டைச் சரக்கும் 15 லிட்டர் எண்ணெய் டின்னும் தேங்கிக் கிடந்தன. அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டுக்குத்தான் அடிதடி. நானே மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் கட்டி விற்றேன். பேப்பரும் சணலும் எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது, கை மறக்கவில்லை.

கூட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதற்கு 2020 ஏப்ரல் 25 ஒன்றே போதும். சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாது என்று 24-ம் தேதி அறிவித்தார்கள். நடுவில் ஒரே ஒரு நாள். வழக்கமாக மதியம் 1 மணிக்கு மூடுகிற கடையை அன்று 3 மணி வரை திறக்கலாம் என்றார்கள். விளைவு என்ன? ஒரு மாதமாக வட்டம் போட்டு, ஆறடி தள்ளி நிற்கவைத்து நாங்கள் பழக்கியதெல்லாம் ஒரு காலையில் போச்சு. என் கடை வாசலில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். கோயம்பேட்டில் நின்ற கூட்டத்தைத் தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். அதற்கு அடுத்த நாட்களில்தான் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று கிளம்பி கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போனது, மே 5-ம் தேதி சந்தையையே மூடி, அப்புறம் திருமழிசைக்கு மாற்றினார்கள். அந்த ஒரு நாள் கூட்டம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சந்தையில் நெரிசல் என்றைக்கும் உள்ளதுதான். ஆனால் நோய்க்குப் பயந்து சாமான் வாங்கப் போகிற இடம்தான் நோய் பிடிக்க ஏற்ற இடம் என்பதை அன்றைக்குப் போல நான் என்றும் உணர்ந்ததில்லை. நான்கு நாள் கடை இல்லை, ஒரு நாள் அவகாசம் என்றால் அன்றைக்கு வாங்கப் போனவனைச் சுயநலக்காரன் என்பது எந்த ஊர் நியாயம்?

கேட்டவர் வாங்கியது அந்த மாதிரிக் கட்டாயத்தில் அல்ல. அறிவிப்பு எதுவும் வரவில்லை. தெருப்பேச்சுக்கே மூன்று மாதச் சரக்கு. அப்படி வாங்கும்போது யாருடைய பங்கு போகிறது என்று பார்க்க வேண்டும்.

என் கடைக்குத் தினமும் சாயங்காலம் ஒரு அம்மா வருவார். கட்டிட வேலை. அன்றைய கூலியில் அன்றைய சாமான்: அரைக் கிலோ அரிசி, இருபது ரூபாய்க்கு எண்ணெய், நூறு கிராம் பருப்பு, ஒரு ஷாம்பு பாக்கெட். அவருக்கு மூன்று மாதச் சரக்கு வாங்கப் பணமும் கிடையாது, வைக்க இடமும் கிடையாது. அந்தச் சின்ன ஷாம்பு பாக்கெட்டே கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன், இந்த மாதிரி அன்றாடம் வாங்குகிறவர்களை நினைத்துப் போட்ட சரக்குதான். இவர்களுக்கு என் கடைதான் குலுக்கை, என் கடைதான் பரண். வசதியுள்ளவர் மாலை 4 மணிக்கு வந்து டின்னைக் காலி செய்துவிட்டுப் போனால், 7 மணிக்கு வேலை முடிந்து வருகிற இந்த அம்மாவின் பரணைத்தான் காலி செய்கிறார். அவருக்கு அது தெரியாது. வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. ஆனால் ஏழு மணிக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்து ‘பருப்பு இல்லம்மா’ என்று சொல்வது நான்.

விலையை ஏற்றிவிட்டால் யோசித்து வாங்குவார்கள் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிலோவுக்கு முப்பது ரூபாய் ஏற்றினால் காரில் வருகிறவர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிவிடுவார். நூறு கிராம் வாங்குகிறவர்தான் ஐம்பது கிராமுக்கு இறங்குவார். ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைப்பதுதான் என் அனுபவத்தில் கொஞ்சமாவது நடக்கிற காரியம்.

மாத்திரைக்கு வருவோம். இங்கே மகளோடு நான் முழுக்கச் சேர்ந்துகொள்கிறேன். அரிசியை எல்லாரும் தின்கிறோம், ஒருவர் அதிகம் வாங்கினாலும் அடுத்த மாதம் அவர் வாங்க மாட்டார், கணக்கு சரியாகிவிடும். மருந்து அப்படியில்லை. அது ஒரு குறிப்பிட்ட வியாதிக்காரரின் சோறு. அதை வியாதி இல்லாதவர் எடுத்து அலமாரியில் வைத்தால், எந்த மாதமும் அது ஈடாகாது.

2020 மார்ச்சில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை பட்ட பாடு நினைவிருக்கிறதா? 21-ம் தேதி அமெரிக்க அதிபர் டிரம்ப் அதைப் புகழ்ந்து எழுதினார். 23-ம் தேதி இங்கே மருத்துவப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொன்னது. அவ்வளவுதான், மெடிக்கல் ஷாப்பில் மிட்டாய் மாதிரி வாங்கிக்கொண்டு போனார்கள். என் மதினிக்கு முடக்குவாதம். பல வருஷமாக அந்த மாத்திரையில்தான் காலையில் விரலை மடக்குவார். ஏழு கடை ஏறி இறங்கினோம், ஒரு அட்டை கிடைக்கவில்லை. 26-ம் தேதி அரசு அதை எச்1 பட்டியலில் போட்டது, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று. அதற்குள் இருந்ததெல்லாம் யார் யார் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலேயோ போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசியில் பெரிய பரிசோதனைகளில் அந்த மாத்திரை கொரோனாவுக்கு உதவவில்லை என்றே தெரிந்தது. உதவாத வியாதிக்காக வாங்கி வைத்து, உதவுகிற வியாதிக்காரருக்கு இல்லாமல் செய்தோம்.

இது புதிதும் அல்ல. 1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியபோது டெட்ராசைக்ளின் மாத்திரை சூரத்தில் மட்டுமல்ல, டெல்லியிலும் கடைகளில் காணாமல் போனது. 2021-ல் கொரோனா நோயாளிகளுக்குப் போட்ட ரெம்டெசிவிர் ஊசி. அதற்கு முந்தைய நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லியிருந்தது. ஆனாலும் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ராத்திரியும் பகலுமாக வரிசை. அந்த வரிசையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள், அங்கேயும் நெரிசல். கடைசியில் நோயாளியின் சொந்தக்காரர்கள் நிற்க வேண்டாம், மருத்துவமனையே நேரடியாகக் கேட்டு வாங்கட்டும் என்று முடிவு செய்த பிறகுதான் அந்தக் காட்சி ஓய்ந்தது. அந்த வரிசையில் நின்றவர்களை நான் சுயநலக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். அப்பாவுக்கோ மனைவிக்கோ மூச்சு முட்டுகிறது, டாக்டர் சீட்டு எழுதிவிட்டார், நிற்காமல் என்ன செய்வார்கள்? வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லாதபோது ‘இருக்கட்டும்’ என்று ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்துக் கட்டிலடியில் வைத்திருந்தவர்களைத்தான் சொல்வேன். எங்கள் பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் இருந்தார்.

அதற்காக வீட்டில் மருந்தே வைக்கக் கூடாது என்பதல்ல. சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று தினமும் சாப்பிடுகிறவர் தன் மாத்திரையை ஒரு மாதம் முன்கூட்டி வைத்துக்கொள்வது அப்பத்தாவின் புளி மாதிரிதான். அவர் அதைத் தின்னத்தான் போகிறார். வாட்ஸ்அப்பில் வந்த பெயரை எழுதிக்கொண்டு போய் வாங்கியதைத்தான் சொல்கிறேன். கேட்டவர் எழுதிய பட்டியலில் இரண்டு ஆன்டிபயாடிக் இருக்கிறது. வைரஸ் காய்ச்சலுக்கு அது எதற்கும் ஆகாது. நாளைக்கு ஒரு குழந்தைக்கு நிமோனியா என்றால் அந்த அட்டை தேவைப்படும்.

பீதியில் நாம் வாங்குவது பல நேரம் வியாதிக்குச் சம்பந்தமே இல்லாத பொருளாகவும் இருக்கும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது சீனாவில் அயோடின் உப்பு கதிர்வீச்சைத் தடுக்கும் என்று வதந்தி. உப்பு மூட்டை மூட்டையாகப் போனது. அந்த அளவு அயோடின் கிடைக்க வேண்டுமானால் கிலோக் கணக்கில் உப்பைத் தின்ன வேண்டும், அதற்குள் உப்பே ஆளை முடித்துவிடும். பயம் தெளிந்ததும் உப்பைத் திருப்பிக் கொடுக்கக் கடை வாசலில் வரிசை நின்றதாம். அந்தக் கடைக்காரர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இவ்வளவு சொல்கிறேனே, நான் யோக்கியனா? 2020 மார்ச் 13-ல் முகக்கவசத்தையும் சானிடைசரையும் மத்திய அரசு அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. 21-ம் தேதி மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது, 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் கூடாது என்று விலை வைத்தது. நான் அதை மீறவில்லை. ஆனால் உள் அறையில் இரண்டு மூட்டை உளுந்தும் நான்கு டின் எண்ணெயும் எடுத்து வைத்திருந்தேன், நோட்டில் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு. புதிதாக வந்தவர்களிடம் ‘இல்லை’ என்றேன். பல வருஷமாக என்னிடமே வாங்குகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு நாள் வெளியூர்ப் பையன் ஒருவன், ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டவன், எண்ணெய் கேட்டான். இல்லை என்று சொல்லி அனுப்பிய பத்தாவது நிமிஷம் கடைப் பையன் உள்ளிருந்து டின்னைத் தூக்கி வந்து வேறொருவருக்கு ஊற்றினான். எதிர்ச் சாரியில் நின்ற அந்தப் பையன் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை, நடந்து போய்விட்டான். மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு லிட்டர், நோட்டு உள்ளவருக்கும் அதே, இல்லாதவருக்கும் அதே என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். பழைய வாடிக்கையாளர் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம், ‘என் வீட்டார்’, ‘என் ஆட்கள்’ என்று நினைப்பது கெட்ட குணம் அல்ல. அதை வைத்துத்தான் குடும்பமும் ஓடுகிறது, கடையும் ஓடுகிறது. மகளிடம் நான் சொல்ல வேண்டியது இருந்தால் இதைத்தான் சொல்வேன்: அப்பா தனக்காக வாங்கவில்லை, உன் பயத்தையும் சேர்த்துத்தான் வாங்கினார். கோபத்தைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு அந்த மாத்திரைப் பையை மட்டும் கேட்டு வாங்கு.

கேட்டவருக்கு, இனி செய்ய முடிவது. பிரிக்காத மாத்திரை அட்டைகளை பில்லோடு மெடிக்கல் ஷாப்புக்கு இன்றே கொண்டுபோங்கள், சிலர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுத்த கடைக்கு அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கூச்சம் இருக்காது என்று நம்புவோம். அரிசி, பருப்பைத் திருப்பிக் கொண்டுவராதீர்கள், எங்களால் மறுபடி விற்க முடியாது. அதற்குப் பதிலாக அடுத்த இரண்டு மாதம் கடைக்கு வராமல் இருங்கள். நிஜமாகவே ஊரடங்கு வந்தால் முதல் வாரக் கூட்டத்தில் நீங்கள் இல்லாமல் இருப்பது என் கடைக்கும் நல்லது, உங்கள் நுரையீரலுக்கும் நல்லது. ஊரடங்கு வராவிட்டால், வாங்கியது தீர்ந்த பிறகு மாதம் ஒரு கிலோ, அரைக் கிலோ கூடுதலாக வாங்கி, எப்போதும் மூன்று வாரச் சாமான் வீட்டில் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வாங்கினால் என் டின்னுக்கு வலிக்காது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடமும் சாமான் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாதச் சம்பளத்தை ஒரு வாரம் முன்னால் கொடுத்தாலே அவரும் முன்கூட்டி வாங்கிக்கொள்வார்.

அப்புறம் அந்த அரிசி. மூன்று சிப்பம் வாங்கிய வாத்தியார் ஆடி மாதம் ஒரு சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார், பிரித்தால் வண்டு ஊர்கிறது. உங்களுடையதைச் சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வசம்பு கிடைக்கும், இரண்டு துண்டைத் துணியில் முடிந்து மூட்டைக்குள் போடுங்கள். வேப்பிலை போடுவதானால் நன்றாக நிழலில் காயவைத்துப் போடுங்கள், ஈரத்தோடு போட்டால் அரிசி பூசணம் பிடிக்கும்.